ஏணிப் படத்தில் எழுதிய நிரல்

புதுசா ஒரு நிரல்மொழி கத்துக்கிட்டா யோசனை கூர்மையாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. 1966-ல் முதல் டூரிங் விருதைப் பெற்ற ஆலன் பெர்லிஸ் 1982-ல் இதை இன்னும் கறாராகச் சொன்னார். நிரலைப் பற்றி நாம் யோசிக்கும் விதத்தை மாற்றாத மொழியைக் கற்றுப் பயனில்லை என்பது அவர் கட்சி. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் லிஸ்ப், ஹாஸ்கெல், ப்ரோலாக் என்றுதான் கை காட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு மொழி, டோல்கேட்டில் இருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற தொழிற்பட்டையில் அன்றாடம் புழங்குகிற மாதிரியானது. அதற்கு லேடர் என்று பெயர். ஏணி.

டோல்கேட்டில் மெட்ரோ ஏறி வடக்கே போனால் ஸ்டேஷன் பெயர்களிலேயே பாதி வரலாறு வந்துவிடும். காலடிப்பேட்டை என்பது காலட் என்ற கவர்னர் பெயரில் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை. விம்கோ நகர் என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். திருவொற்றியூரில் 1955-ல் வந்த என்ஃபீல்டு. அதையும் தாண்டி எண்ணூரில், 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய அசோக் லேலண்ட். இந்த ஆலைகளெல்லாம் வந்த காலத்தில் உலகம் முழுக்கவே இயந்திரங்களை ஓட்டியது ரிலேக்கள்தான். பீரோ மாதிரி ஒரு பேனல், திறந்தால் வரிசை வரிசையாக ரிலே, நடுவில் கத்தை கத்தையாக வயர். "கதவு மூடியிருந்தால், எண்ணெய் அழுத்தம் இருந்தால், யாரும் ஸ்டாப் அமுக்காமல் இருந்தால், மோட்டார் ஓடட்டும்" என்ற வாக்கியத்தை அன்று வயரால் எழுதினார்கள்.

அந்த வயரிங்கைக் காகிதத்தில் வரையும்போது இடப்பக்கம் ஒரு நேர்கோடு, வலப்பக்கம் ஒரு நேர்கோடு, இரண்டுக்கும் நடுவே படிப்படியாகக் குறுக்குக் கோடுகள். பார்க்க ஏணி மாதிரியே இருக்கும். ஒவ்வொரு படியிலும் இடமிருந்து வலமாக நிபந்தனைகள், கடைசியில் ஒரு காயில். தொடர் இணைப்பு என்றால் 'இதுவும் அதுவும்'. பக்க இணைப்பு என்றால் 'இது அல்லது அது'. எலக்ட்ரீஷியன்கள் கையால் செய்துகொண்டிருந்தது பூலியன் இயற்கணிதம்தான் என்பதை எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் 1937-ல் எழுதிய முதுநிலை ஆய்வேடு காட்டியது. அப்போது அவருக்கு 21 வயது.

ரிலேயில் இருந்த சிக்கல், யோசனையை மாற்றினால் வயரையும் மாற்ற வேண்டும் என்பது. கார் கம்பெனிக்காரர்கள் மாடல் மாற்றும்போதெல்லாம் பேனல்களைப் பிரித்து மேய வேண்டியிருந்தது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இதற்குப் பதிலாக மின்னணுக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிக் மார்லியும் கூட்டாளிகளும் ஒன்றைச் செய்தார்கள். அது அவர்களுடைய 84-வது ப்ராஜெக்ட், அதனால் மோடிகான் 084 என்று பெயர். இன்று பிஎல்சி என்று ஆலைகளில் சொல்கிறோமே, அந்தப் பரம்பரையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று.

எனக்குப் பிடித்த முடிவு இங்கேதான் வருகிறது. உள்ளே இருப்பது கம்ப்யூட்டர். ஃபோர்ட்ரான் அப்போது பத்து வருஷத்துக்கும் மேல் பழசு. ஆனாலும் ஏணிப் படத்தையே நிரல்மொழியாக வைத்துக்கொண்டார்கள். ராத்திரி ஷிப்டில் லைன் நின்றால் முன்னால் வந்து நிற்பவர் எலக்ட்ரீஷியன், புரோகிராமர் இல்லை. அவருக்குத் தெரிந்த மொழிக்கு மெஷின் வரட்டும் என்று விட்டார்கள். யாரும் புது மொழி கற்க வேண்டாம் என்பதற்காகவே பிறந்த மொழி இது. வேடிக்கை என்னவென்றால், ஜாவா, பைத்தான் என்று வளர்ந்த எங்களுக்கு அதுதான் அந்நிய பாஷை.

எவ்வளவு அந்நியம் என்பதற்கு ஒரு எளிய உதாரணம். ஊர்ப் பக்கம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீர்கள். பச்சை பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். சாஃப்ட்வேர் ஆளிடம் இதை எழுதச் சொன்னால், "பச்சை அமுக்கினால் ஓடுகிறது = உண்மை, சிவப்பு அமுக்கினால் ஓடுகிறது = பொய்" என்று இரண்டு நிகழ்வுகளாக எழுதுவார். ஏணியில் அது ஒரே படி. பச்சை பட்டனுக்குப் பக்க இணைப்பாக மோட்டார் காயிலின் சொந்தக் கான்டாக்ட், இரண்டுக்கும் தொடராகச் சிவப்பு, கடைசியில் காயில். படிக்க வேண்டிய விதம்: "பச்சை அமுக்கியிருந்தாலோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலோ, சிவப்பு அமுக்காமல் இருக்கும் வரை, ஓடு." காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. அந்த கான்டாக்டுக்கு ஹோல்டிங் என்றே பெயர்.

இதில் நினைவு இருக்கிறது, ஆனால் நினைவை வைக்க ஒரு பெட்டி இல்லை. கரண்ட் போனால் பிடி விட்டுப்போகும். கரண்ட் திரும்ப வந்தால் மோட்டார் தானாக ஓடாது, யாராவது வந்து பச்சையை அமுக்க வேண்டும். விவசாயிக்கு அது தொந்தரவு, அதனால்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கினார்கள். ஆனால் பிரஸ் மெஷினுக்குள் கையை விட்டு வேலை பார்க்கிறவருக்கு அந்த மறதிதான் உயிர்.

சிவப்பு பட்டன் இன்னொரு பாடம். டோல்கேட் ஸ்டேஷன் எஸ்கலேட்டரிலோ எந்த எஸ்கலேட்டரிலோ சிவப்பு ஸ்டாப் பட்டனைக் கவனியுங்கள். நாம் நினைப்பது, அமுக்கினால் 'நில்' என்று ஒரு சிக்னல் போகும் என்று. முறையான வயரிங் அதற்குத் தலைகீழ். எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அமுக்கினால் அறுபடும். ஏன்? எலி வயரைக் கடித்தாலும், ஸ்க்ரூ லூஸானாலும் மெஷின் நிற்க வேண்டும். 'நில்' என்று சொல்லும் வயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. 'எல்லாம் சரி' என்று சொல்லும் வயர் அறுந்தால் உடனே தெரியும். இதனால் பிஎல்சி நிரலுக்குள் ஸ்டாப் பட்டனைத் திறந்த கான்டாக்டாக வரைய வேண்டியிருக்கும், புதுசாகக் கற்பவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் இது. 1 என்றால் "யாரோ அமுக்கிவிட்டார்கள்" இல்லை, 1 என்றால் "நலமாக இருக்கிறது". பிழைச் செய்தி வரவில்லை, அதனால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போடும் எங்கள் உலகத்துக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய சங்கதி.

அடுத்தது சுற்று. பிஎல்சி எல்லா உள்ளீடுகளையும் ஒருமுறை படிக்கும், ஏணியை மேலிருந்து கீழே ஒருமுறை கணக்கிடும், வெளியீடுகளை எழுதும், மறுபடி முதலில் இருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடி. ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதினால் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும், மேல் படி இருந்தும் இல்லாத மாதிரி. ஆகவே, ஒரு மோட்டார் எப்போதெல்லாம் ஓடலாம் என்ற நிபந்தனைகள் அத்தனையையும் ஒரே படியில் கொண்டுவந்து கட்டுவதுதான் நல்ல பழக்கம். "அடுத்து என்ன செய்ய?" என்று கேட்டுப் பழகிய புத்தி, "இது எப்போது உண்மையாக இருக்கலாம்?" என்று கேட்க ஆரம்பிக்கிறது. ஒரு ஆர்டரின் நிலையை ஏழு இடத்தில் மாற்றுகிற நிரலை அதற்கப்புறம் பார்த்தால் கண் உறுத்தும். ஹாஸ்கெல்காரர்கள் வேறு வழியாக வந்து சேரும் இடமும் இதற்குப் பக்கத்துத் தெருதான்.

லேடரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். கணக்கு நீண்டால், எழுத்துகளைக் கையாள வேண்டியிருந்தால், அது படுத்தி எடுக்கும். அதனால்தான் 1993-ல் வந்த ஐஇசி 1131-3 (இப்போது 61131-3) தரத்தில் ஏணியோடு சேர்த்து, பாஸ்கல் சாயலில் எழுத்து வடிவ மொழி ஒன்றையும் வைத்தார்கள். புதுசாக வருகிற இன்ஜினியர்களில் பலருக்கு அதுதான் பிடிக்கிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பார்ப்பதில் ஏணிக்கு இணை இல்லை. லேப்டாப்பை பிஎல்சியில் சொருகினால், எந்தெந்த கான்டாக்ட் வழியாக 'கரண்ட்' போகிறதோ அதெல்லாம் திரையில் நிறம் மாறி எரியும். லைன் நின்றுபோனால், நின்ற மோட்டாரின் படியைத் திறந்து, இடமிருந்து வலமாக விரல் வைத்துக்கொண்டே போவார் ஐடிஐ படித்த எலக்ட்ரீஷியன். நிறம் எங்கே அறுகிறதோ, அதுதான் அந்த சென்சார். எழுந்து போய் அதைத் துடைப்பார்.