சிவசக்தி நாராயணன்

காரைக்குடியை அடுத்த கண்டனூரில் பிறந்த கால்பந்து முன்கள வீரர். பெங்களூரு எஃப்.சி. அணிக்காக ஆடிப் பெயர் பெற்றவர். 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடந்த டுராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில், மும்பை சிட்டிக்கு எதிரான முதல் கோலை அடித்தார். 2-1 என வென்ற பெங்களூரு, 1888இல் தொடங்கிய அந்தக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது.

2022–23 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் ராய் கிருஷ்ணாவுடன் இவர் களமிறங்க, நாட்டின் அதிகபட்ச கோலாளரான சுனில் சேத்ரி பல ஆட்டங்களில் மாற்று வீரராக வெளியில் காத்திருந்தார். இளம் வீரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு அரிது. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் சிவசக்தி தொடக்க நிமிடங்களிலேயே காயமுற்று வெளியேறினார். உள்ளே வந்தவர் சேத்ரி. பெனால்டி உதைகளில் எதிரணியான மோகன் பகான் வென்றது. அப்பருவத்தின் வளரும் வீரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது.