ரமணரின் அடுக்களை: திருச்சுழி முதல் பாகசாலை வரை

ரமண மகரிஷி (டிசம்பர் 30, 1879 – ஏப்ரல் 14, 1950) ஞானியாகவே அறியப்படுபவர். அவர் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர், துவையல் அரைத்தவர், சமைப்பவர்களுக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்தவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பாகசாலையும் உணவுக்கூடமும் அவர் சொன்ன திட்டப்படி எழுந்தவை. வரலாற்று நூல்களில் ஓரமாக இடம்பெறும் இந்தப் பணியைத் தனியே எடுத்துப் பார்க்க இடமுண்டு.

திருச்சுழி வீடு

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்கு அருகே, குண்டாற்றின் கரையில் உள்ள ஊர் திருச்சுழி. சுந்தரரின் பாடல் பெற்ற திருமேனிநாதர் கோயில் இங்குள்ளது. ஊரைச் சுற்றிலும் கண்மாயையும் மழையையும் நம்பிய கரிசல் நிலம்.

ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர் பன்னிரண்டு வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் கணக்கரிடம் எழுத்தராகச் சேர்ந்து, மனு எழுதுபவராகி, பின்னர் பட்டம் பெறாத வக்கீலாக உயர்ந்தவர். கையில் காசு சேர்ந்ததும் ஒரு வீடு கட்டினார். அதில் ஒரு பகுதியை விருந்தினருக்கென்றே ஒதுக்கினார். ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரிகளும் வழிப்போக்கர்களும் அங்கே தங்கினர். அவர்களுக்கு உணவு சமைத்தவர் தாய் அழகம்மாள். வேங்கடராமன் என்ற பெயரில் ரமணர் வளர்ந்தது இந்த வீட்டில்தான். 1892இல் தந்தை இறந்ததும் குடும்பம் பிரிந்தது. சிறுவன் மதுரைக்கு அனுப்பப்பட்டான். 1896 செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலை சேர்ந்தார்.

மலைமேல்

விரூபாட்ச குகையில் அவர் இருந்த காலத்தில் அடுக்களை என்று ஒன்று இல்லை. உடனிருந்தவர்கள் ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வருவார்கள். வந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து பகிர்ந்து உண்பார்கள். உப்பு இல்லாத நாட்களும் உண்டு. உப்பு வேண்டும் என்று ரமணர் யாரிடமும் கேட்டதில்லை. கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் கரண்டியும் செய்வது, இலை தைப்பது ஆகிய கைவேலைகளில் அவர் தேர்ந்தார்.

1916இல் தாய் மகனோடு நிலையாகத் தங்க வந்தார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூண்டது. அப்பளம் இடத் தாய் உதவிக்கு அழைத்தபோது ரமணர் எழுதியதே ‘அப்பளப் பாட்டு’. உளுந்து, பிரண்டை, உலக்கை முதலியவற்றை ஞானசாதனைக்கு உவமையாக்கிய இந்தப் பாட்டின் தோற்றுவாய் ஓர் அடுக்களை வேலைதான். 1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய ஆசிரமம்.

சமையல் முறை

ஆசிரமச் சமையலில் ரமணரின் முறை எது என்பதைக் கீரை ஆய்வதில் காணலாம். இலை, தண்டு, வேர் என மூன்றாகப் பிரிப்பார். இலை கறிக்கு. தண்டைக் கட்டாகக் கட்டிச் சாம்பாரில் போட வேண்டும். வேரைக் கழுவி நசுக்கிப் பிழிந்த சாறு ரசத்துக்கு. காய்த்தோல் மாட்டுக்குப் போகும். தரையில் சிதறிய கடுகைச் சமையற்காரர்கள் பொருட்படுத்தாதபோது, அவர் நகத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் இட்டதை உடனிருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். வானம் பார்த்த பூமியில் பிறந்தவரிடம் இந்தச் சிக்கனம் காணப்படுவதில் வியப்பில்லை. ஆனால் இது கஞ்சத்தனம் அன்று. வந்தவர் யாரும் பசியோடு திரும்பக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பந்திக்கு முன்பே ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் உணவளிக்கும் வழக்கம் ஆசிரமத்தில் இன்றும் தொடர்கிறது. தம் இலையில் மட்டும் கூடுதலாக எதையும் பரிமாற அவர் விட்டதில்லை.

சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சாந்தம்மாள் போன்ற பெண்கள் இந்த அடுக்களையில் அவரிடம் சமையல் கற்றவர்கள். அவர்களுடைய நினைவுக் குறிப்புகள் இல்லையென்றால் இந்த வரலாற்றில் பாதி கிடைத்திருக்காது.

பாகசாலை

1928இல் ஆசிரமம் வந்த அண்ணாமலை சுவாமி (1906–1995) கட்டட வேலை பயின்றவர் அல்லர். ரமணர் அவரை மேற்பார்வையாளராக்கி, செய்ய வேண்டியதை நாள்தோறும் சொல்லி, சில வேளை தாளில் வரைந்தும் கொடுத்தார். முதலில் எழுந்த பெரிய கட்டடம் மாட்டுக்கொட்டகை. ஆசிரம நிர்வாகியான தம்பி சின்னசாமி சிறியது போதும் என்றார். ரமணர் பெரிதாகக் கட்டச் சொன்னார். தாம் சொன்னதாக வெளியே சொல்லக்கூடாது என்றும் கூறினார். இடையில் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டவர் அண்ணாமலை சுவாமி. பின்னர் 1930களில் பாகசாலையும் உணவுக்கூடமும் இதே முறையில் எழுந்தன.

சமையலறை வடிவமைப்பு உலகில் தனித் துறையாக உருப்பெற்றதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். ரயில் உணவுப்பெட்டியின் சமையலிடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பெண்களின் நடையையும் நேரத்தையும் குறைக்க முயன்ற அந்த வடிவம் சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். திருவண்ணாமலையில் நடந்தது நேர்மாறு. இங்கே பல ஆண்டுகள் அம்மியிலும் அடுப்படியிலும் நின்ற ஒருவர் கட்டடத்துக்குத் திட்டம் சொன்னார்.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. ஆசிரமத்தில் சமைத்தவர்கள் பிராமணர்கள். உண்ணும் கூடத்தில் பிராமணர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் அமர்ந்தனர். இடையே தடுப்பு இருந்தது. இரு பக்கத்தாரும் பார்க்கும்படியான இடத்தில் ரமணர் அமர்ந்தார். ஆசாரம் பார்ப்பவர்களைப் புண்படுத்தாமல் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உண்ணவைத்த ஏற்பாடு என்று அன்பர்கள் விளக்குவர். எனினும் தடுப்பு தடுப்புதான். கூடத்தை நின்று கட்டிய அண்ணாமலை சுவாமியே பிராமணர் அல்லர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கடுகளவும் வீணாகக்கூடாது என்றவர் இதை ஏன் ஏற்றார் என்ற கேள்விக்கு அன்பர்களின் விளக்கம் முழு விடையாகாது.

கூட்டம் பெருகிய பின்னாளில் ரமணர் அடுக்களை வேலையிலிருந்து விலகினார். ஆசிரமத்துக்கு வருவோர் இன்றும் உணவுக்கூடத்தில் தரையில் வரிசையாக அமர்ந்து இலையில் உண்கின்றனர். திருச்சுழியில் சுந்தரம் ஐயர் கட்டிய வீடு ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் ஆசிரமத்தின் பராமரிப்பில் உள்ளது.