அருகிய லீவர் ரைஃபிள்களின் விலை: அமெரிக்கப் பழந்துப்பாக்கிச் சந்தையின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற ரைஃபிளும் அதன் வழிவந்த வின்செஸ்டர் ரைஃபிள்களும் இந்த முறையை அமெரிக்காவில் நிலைநாட்டின. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் கையாண்டுவரும் இந்த லீவர் ரைஃபிள்களில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. ஆனாலும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதிரியில் பிறந்த இரண்டு ரைஃபிள்கள் இன்று ஏலத்துக்கு வந்தால் அவற்றின் விலைக்கிடையே பெரிய இடைவெளி தெரிகிறது. பழமையும் எண்ணிக்கைக் குறைவுமே இதற்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். அருமை இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவர் அதைச் சரிபார்க்க முடிந்தபோதுதான் அது விலையாக மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொழிற்சாலை வகுத்த தரம்

வின்செஸ்டர் 1873 மாதிரி, 1923 வரை 7,20,000-க்கும் மேல் உற்பத்தியானது. 1875-இல் நிறுவனம் அதற்குள்ளேயே ஒரு தனித் தரத்தை அறிவித்தது. சோதனையில் குண்டுகள் மிக நெருக்கமாகப் பாய்ந்த குழல்களைப் பொறுக்கியெடுத்து, மேலான வேலைப்பாட்டுடன் பூட்டி, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்றது. அதற்கு அடுத்த தரம் ‘நூற்றில் ஒன்று’. திட்டம் நீடிக்கவில்லை. 1873 மாதிரியில் முதல் தரம் ஏறத்தாழ 130-தான் வெளிவந்தது. இரண்டாம் தரம் பத்தைக்கூட எட்டவில்லை.

இவற்றைப் பொதுமக்கள் அறிந்துகொண்டது 1950-இல்தான். ஆந்தனி மான் இயக்கத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ படத்தின் கதை அப்படிப்பட்ட ஒரு ரைஃபிளைச் சுற்றியே நகர்கிறது. படத்தை விளம்பரப்படுத்த யுனிவர்சல் நிறுவனம், எஞ்சியிருக்கும் ‘ஆயிரத்தில் ஒன்று’ ரைஃபிள்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டது. குடும்பங்களிடம் முடங்கிக் கிடந்த பல ரைஃபிள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 75 ஆண்டுகளில் ரைஃபிள்களின் எண்ணிக்கை கூடவில்லை; குழலில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

1964 என்ற எல்லைக்கோடு

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாதிரி, வேட்டை ரைஃபிள்களில் மிகப் பரவலானது. பத்து லட்சமாவது ரைஃபிள் 1927-இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவது 1953-இல் ஐசனோவருக்கும் பரிசாகப் போயின. கூலிச்செலவு ஏறிவந்த நிலையில் 1964-இல் நிறுவனம் உற்பத்தி முறையை மாற்றியது. எஃகைக் கடைந்து செய்த உறுப்புகள் சிலவற்றின் இடத்தில் தகட்டில் அச்சடித்தவை வந்தன; திண்மையான ஊசிகள் இருந்த இடத்தில் உள்ளீடற்ற சுருள் ஊசிகள் வந்தன. ரைஃபிள் பழையபடியே சுட்டது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வேறுபாட்டை உடனே உணர்ந்தார்கள்.

இதிலிருந்து ‘ப்ரீ-64’ என்ற பாகுபாடு சந்தையில் நிலைபெற்றது. ஏறத்தாழ 27 லட்சம் என்ற வரிசை எண் அதன் எல்லை. கோட்டுக்கு முந்தியவை எண்ணிக்கையில் அரியவை அல்ல. இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டும். இருந்தும் அவை பிந்தியவற்றைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறுகின்றன. வரிசை எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் சரிபார்த்துவிடலாம் என்பது இந்தப் பாகுபாட்டின் பலம்.

சட்டமும் பதிவேடும்

1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னொரு கோட்டைக் கிழித்தது. மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி வாங்கும் வழக்கத்தை அது பெரிதும் முடக்கியது. ஆனால் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைத் ‘தொல்பொருள்’ என்று விலக்கிவைத்தது. ஆகவே 1898 டிசம்பரில் உருவான 1894 மாதிரி ரைஃபிளும் அடுத்த மாதம் உருவான அதன் இரட்டையும் கூட்டாட்சிச் சட்டத்தின் முன் வெவ்வேறு பொருள்களாயின. உரிமம் பெற்ற வியாபாரியின் கை வழியே போகவேண்டிய தேவை இல்லாததால் முந்தையதை வாங்கக் கூடுதல் பேர் முன்வந்தார்கள்.

தயாரிப்பு ஆண்டைத் துல்லியமாக அறியவேண்டிய கட்டாயம், பதிவேடுகளின் மதிப்பை உயர்த்தியது. வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. வரிசை எண்ணைக் கொடுத்தால் காலிபர், குழலின் வடிவம், அனுப்பிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அருங்காட்சியகம் கடிதம் தரும். 1894 மாதிரிக்கு முதல் மூன்றரை லட்சம் அளவுக்கே இந்த வசதி உண்டு. அசாதாரண நீளமுள்ள குழலோ தனி வேலைப்பாடோ தொழிற்சாலையிலேயே அமைந்ததா, பின்னால் எவரோ மாற்றியதா என்ற ஐயத்தை அந்தக் கடிதம் தீர்த்துவிடுகிறது.

ஆவணத்தின் பலத்துக்கு உச்ச எடுத்துக்காட்டு, 1886 மாதிரியின் முதல் வரிசை எண் கொண்ட ரைஃபிள். அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற ஹென்றி லாட்டனுக்குப் பரிசாகத் தரப்பட்ட அது, 2016-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 12,65,000 டாலருக்குப் போனது.

பதிவேடு கைகொடுக்காத அருமை

இருபதாம் நூற்றாண்டின் அருகிய ரகங்களுக்கு இத்தகைய துணை குறைவு. .348 காலிபருக்கென்றே 1935-இல் வந்த வின்செஸ்டர் 71 ஏறத்தாழ 47,000 மட்டுமே. 1955 முதல் 1973 வரை வந்த 88 மாதிரி இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டினாலும், அதில் .358 காலிபர் 1960-களின் தொடக்கத்திலேயே நின்றுபோனதால் அந்தப் பிரிவை மட்டும் தேடுவோர் உண்டு.

ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜின் 99 மாதிரி இவற்றுள் தனித்து நிற்கிறது. குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு வைத்தால் அது முன்னால் உள்ள தோட்டாவின் அடியை மோதி வெடிக்கச் செய்யலாம். சாவேஜ் சுழலும் மேகசினை அமைத்து இந்த இடரை நீக்கினார். .250-3000, .300 சாவேஜ் போன்ற வேகமான தோட்டாக்கள் லீவர் ரைஃபிளுக்கு வந்தது இதனால்தான். 1990-களின் இறுதிவரை பத்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான இந்த மாதிரியில் துணை ரகங்களும் காலிபர்களும் ஏராளம்.

இங்கே விலையைத் தீர்மானிப்பது உடலைச் சோதிக்கும் கண்தான். தொலைநோக்கி பொருத்தப் பின்னால் இட்ட துளை, மறுபடி ஏற்றிய நீலப்பூச்சு, கட்டையின் பிடிப்பகுதியில் விழுந்த வெடிப்பு ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். காட்டில் உழைத்த ரைஃபிளுக்கு இவை இயல்பு. ஆதலால் அரிதாக இருப்பது மாதிரி அன்று, வேட்டைக்காரர் கைவைக்காத பிரதிதான். தோட்டா கிடைக்காமை இருபுறமும் வெட்டுகிறது: .303 சாவேஜ் போன்றவற்றைச் சுடுவதற்கு வாங்குவோர் தயங்குகிறார்கள். சேர்த்துவைக்க வாங்குவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

திட்டமிட்ட அருமையின் தோல்வி

அருமையைத் தொழிற்சாலையே படைத்துவிட முடியுமா? 1964-இல் வயோமிங் மாநில வைர விழாவுக்காக 1,500 நினைவு ரைஃபிள்களை வெளியிட்ட வின்செஸ்டர், 1966-இல் தன் நூற்றாண்டையொட்டி ஒரு லட்சத்துக்கும் மேல் வெளியிட்டது. வாங்கியவர்கள் சுடாமல் பெட்டியோடு பூட்டிவைத்தார்கள். எல்லாரும் பாதுகாத்ததால் குறையற்ற பிரதி என்பதற்கே பொருளில்லாமல் போயிற்று; பெரும்பாலான நினைவு ரைஃபிள்களின் விலை எதிர்பார்த்தபடி ஏறவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது, லீவர் ரைஃபிள் செய்துவந்த மார்லின் நிறுவனத்தின் கதை. 2007 இறுதியில் ரெமிங்டன் அந்நிறுவனத்தை வாங்கிக் கனெக்டிகட் ஆலையை 2011-இல் மூடியது. இடம்மாறிய உற்பத்தியின் தரத்தைப் பற்றிக் குறைகள் எழுந்ததும், பழைய ஆலையின் ‘ஜேஎம்’ முத்திரை குழலில் உள்ளதா என்று வாங்குவோர் தேடத் தொடங்கினர். நேற்றுவரை சாதாரணமாக இருந்த ரைஃபிள்களுக்கு மதிப்பு ஏறியது. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் நிறுவனம் மார்லினை ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டு இறுதியில் உற்பத்தியை மீட்டது. புதிய ரைஃபிள்கள் நல்ல பெயர் எடுத்த பிறகும் முத்திரை வழியான பாகுபாடு மறையவில்லை.

முடிவுரை

‘ஆயிரத்தில் ஒன்று’ பொறிப்பு, 27 லட்சம் என்ற எண், 1898 என்ற ஆண்டு, அருங்காட்சியகக் கடிதம், ‘ஜேஎம்’ முத்திரை: விலையேற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இரு பிரதிகளைப் பிரித்துக்காட்டும் ஓர் அடையாளம் இருந்தது. நினைவு ரைஃபிள்களிலும் அடையாளம் பளிச்சென்று இருந்தது; ஆனால் அது பிரித்துக்காட்ட அங்கே தேய்ந்த பிரதிகள் இல்லை. ஆகவே உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் வைத்து விலையைக் கணிக்கும் முறை போதாது. எத்தனை செய்யப்பட்டன என்பதோடு, எத்தனை மாறாமல் எஞ்சின, அதை எவ்வாறு மெய்ப்பிக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பேரேடு இல்லாத 71, 88 போன்ற ரகங்களில் மூன்றாவது கேள்விக்கு விடை தேர்ந்த கண்ணிடம் மட்டுமே உள்ளது. அவற்றின் விலை ஏலத்துக்கு ஏலம் வேறுபடுவதற்கு அதுவே விளக்கம்.