மெல்பர்னின் சூதாட்டப் பொறிகளும் சமூக நலிவும்: ஓர் இடஞ்சார் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1991இல் சட்டம் இயற்றி, மதுவிடுதிகளிலும் மன்றங்களிலும் சூதாட்டப் பொறிகளுக்கு இடமளித்தது. மாநிலத் தலைநகர் மெல்பர்னின் மேற்கிலுள்ள பிரிம்பேங்க் மாநகராட்சி, பொறிகளில் பணம் இழப்பதில் பல்லாண்டுகளாக முன்னணியில் நிற்கிறது. அதே நகரின் வசதி மிக்க புரூண்டாராவிலோ இழப்பு மிகக் குறைவு. இதைத் தனிமனிதப் பலவீனம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பொறிகள் எங்கே வைக்கப்பட்டன என்பதையும் கேட்டாக வேண்டும்.

2. தரவுகள்

பொறிகள் உள்ள ஒவ்வொரு கூடத்திலும் (விடுதி அல்லது மன்றத்தில்) மக்கள் இழந்த தொகையை மாநில ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடுகிறது. வருமானம், கல்வி, வேலை முதலியவற்றைக் கொண்டு பகுதிவாரியான நலிவைக் காட்டும் ‘சீஃபா’ குறியீடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து கிடைக்கிறது.

3. முறை

3.1 அலகு: மாநகராட்சி அளவிலான சராசரி, வறிய தெருக்களைச் செழிப்பான தெருக்களுக்குள் மறைத்துவிடும். எனவே சுமார் 400 பேர் வாழும் சிற்றலகுகளே ஏற்றவை.

3.2 வாடிக்கையாளர் எல்லை: கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைவது எளிது, ஆனால் ஆறும் நெடுஞ்சாலையும் அந்த வட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பல்பொருள் அங்காடியை ஒட்டிய விடுதிக்கு, பால் வாங்க வருபவரும் நுழைவார். ஒதுக்குப்புற மன்றத்துக்குத் தேடிப்போக வேண்டும். கடைகளின் ஈர்ப்பை அளக்க டேவிட் ஹஃப் 1960களில் வகுத்த மாதிரி, கூடத்தின் கவர்ச்சியையும் பயணத் தொலைவையும் சேர்த்து எடைபோடுகிறது. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் ஆய்வாளர்கள் புரூஸ் டோரன், மார்ட்டின் யங் முதலியோர் இம்மாதிரியைச் சூதாட்டக் கூடங்களுக்குப் பொருத்திப் பார்த்தனர்.

4. வரலாற்றுக் காரணி

புரூண்டாராவின் கேம்பர்வெல் பகுதி 1920இல் வாக்கெடுப்பின் மூலம் மதுவிடுதிகளை விலக்கியது. விடுதி இல்லாத இடத்தில் பொறியும் முளைக்கவில்லை. ஆகவே வறுமைதான் பொறிகளை ஈர்த்தது என்ற முடிவுக்கு அவசரப்படலாகாது. பழைய மதுச்சட்டத்தின் சுவடும் இன்றைய வரைபடத்தில் கலந்திருக்கிறது.

5. வரம்பும் முடிவும்

பகுதியின் நலிவை வைத்து அங்கே ஆடுபவர் ஏழை என்று தீர்ப்பளிப்பது பிழை. அதற்குத் தனிநபர் ஆய்வு தேவை. ஆயினும் தீங்கு மிகக்கூடிய இடத்தை முன்கூட்டியே சுட்ட வரைபடம் போதும். ஒரு கூடத்துக்கு 105 பொறிகள் என்பது விக்டோரியாவின் உச்சவரம்பு. இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு மட்டும் காப்பாகாது. உரிமம் கேட்கப்படும்போதே, அக்கூடத்துக்கு உண்மையில் யார் வருவார்கள், அவர்கள் வாழ்வு எத்தனை நலிந்தது என்று கணக்கிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இழப்புக்குப் பின் தரும் ஆலோசனையைவிட, அந்தக் கணக்கே குடும்பங்களைக் காக்கும்.