ரெமெடியல் கிளாஸை மாற்றிய 40 மாணவர்கள்

இன்ஜினியரிங் படிச்சவங்க கிட்ட எம்1 பேப்பர்னு சொல்லிப் பாருங்க, முகமே மாறிடும். பிளஸ் டூ-ல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவங்ககூட அதுல அரியர் வைப்பாங்க. உடனே காலேஜ் என்ன பண்ணும்? ‘ஸ்லோ லேர்னர்ஸ்’னு ஒரு லிஸ்ட் போடும். சாயங்காலம் ரெமெடியல் கிளாஸ் வைக்கும். அந்த லிஸ்ட்ல பேர் வந்தவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு கூச்சத்தோட போவாங்க, இல்லன்னா போகவே மாட்டாங்க.

உதவி தேவைப்படுறவங்களே ஏன் அந்த உதவிகிட்டயிருந்து ஓடுறாங்க? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இடம், அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். காலம், 1970-கள். 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகு, அதுவரை பெரும்பாலும் வெள்ளையர்கள் மட்டுமே படித்த பல பல்கலைக்கழகங்களுக்குக் கறுப்பின மாணவர்கள் கூடுதலாக வரத் தொடங்கினார்கள். கூடவே டியூட்டரிங், கவுன்சலிங், ரெமெடியல் வகுப்பு என்று உதவிகளும் வந்தன.

ஆனா கால்குலஸ் கிளாஸ்ல மட்டும் ஏதோ தப்பா நடந்துட்டு இருந்தது. பெர்க்லியில் கால்குலஸின் முதல் பருவத்தை முடித்த கறுப்பின மாணவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ‘டி’ அல்லது ‘எஃப்’ கிரேடுதான் வாங்கினார்கள். ஒரே ஒரு பேப்பர்தானேன்னு விட முடியாது. இன்ஜினியரிங், பிசிக்ஸ், மருத்துவம் எல்லாத்துக்கும் அதுதான் வாசல். அங்கே தடுக்கி விழுந்தா, டாக்டராகணும்னு வந்த பிள்ளை முதல் வருஷமே வேற பாதைக்குப் போயிடும்.

அப்போ அங்கே கணிதத்துறையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் யூரி ட்ரீஸ்மன். ஏன் இப்படி நடக்குதுன்னு ஆசிரியர்களைக் கேட்டார். நாலு காரணம் வந்தது. இந்தப் பசங்களுக்கு ஆர்வம் போதாது. பள்ளியில் அடித்தளம் சரியில்லை. வீட்டில் படிப்புக்கு ஊக்கம் இல்லை. பண வசதி இல்லை. நம்ம ஊர் ஸ்டாஃப் ரூம்லயும் இதே நாலு காரணத்தைக் கேட்டிருப்பீங்க.

ட்ரீஸ்மன் அதை அப்படியே நம்பவில்லை, சோதித்துப் பார்த்தார். நாலுமே நிற்கவில்லை. பலர் தங்கள் பள்ளியிலேயே முதல் மாணவர்கள். பிள்ளை பல்கலைக்கழகம் போயே ஆக வேண்டும் என்று பெற்றோர் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் கால்குலஸில் தோற்றிருந்தார்கள்.

அப்புறம் அவர் செஞ்சதுதான் முக்கியம். 20 கறுப்பின மாணவர்கள், கால்குலஸை நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன அமெரிக்க மாணவர்கள். இந்த 40 பேரின் பின்னாடியே போனார், லைப்ரரிக்கு, விடுதிக்கு, வீட்டுக்கு. படிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கூட இருந்தே பார்த்தார்.

கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் கிடையாது. ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் படி என்று பல்கலைக்கழகம் சொன்னதை அப்படியே கேட்டார்கள். வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம். ஆனால் 20 பேரில் 18 பேர் தனியாகவே படித்தார்கள். நண்பர்கள் உண்டு, அரட்டை உண்டு, ஆனால் கணக்கு நோட்டை நண்பர்கள் முன்னால் திறப்பதில்லை.

சீன அமெரிக்க மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் செலவிட்டார்கள். முதலில் தனியாகப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, விடைகளை ஒப்பிடுவார்கள். நம்ம பாஷையில சொன்னா, கம்பைன் ஸ்டடி! ஒருத்தருக்கு மட்டும் விடை மாறி வந்தால், தப்பு எங்கே என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். ஐந்து பேருக்குமே வரவில்லை என்றால், அந்தக் கணக்கே கடினம் என்று புரியும். தனியாக உட்கார்ந்த மாணவனுக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. கணக்கு வரலைன்னா, தனக்குத்தான் மண்டையில் ஏறலைன்னு நினைச்சுக்குவான்.

இதில் ஒரு சோகம் இருக்கு. பள்ளியில் சுற்றி இருந்தவர்கள் படிக்காதபோது, தனியாக உட்கார்ந்து படித்ததால்தான் இவர்களில் பலர் பெர்க்லி வரைக்கும் வந்தார்கள். அவர்களைத் தூக்கிவிட்ட அதே பழக்கம் இங்கே காலை வாரியது. பள்ளியிலேயே முதலிடம் வாங்கிய ஒருவரை ரெமெடியல் கிளாஸுக்கு வா என்றால் எப்படி வருவார்? அதை அவமானமாகத்தான் பார்த்தார்கள்.

இதை வைத்து 1978-ல் ட்ரீஸ்மன் ஒரு பட்டறையைத் தொடங்கினார். ‘நீ வீக், அதனால வா’ன்னு யாரையும் கூப்பிடலை. கணிதத்தில் சிறந்து விளங்க விரும்புகிறவர்களுக்கான இடம் என்று அழைத்தார். பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. வகுப்பில் தந்ததைவிடக் கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களுக்குக் கொடுத்தார். நடத்துபவர் லெக்சர் எடுக்க மாட்டார், சுற்றி வந்து கேள்வி கேட்பார், அவ்வளவுதான். பட்டறையில் இருந்த கறுப்பின மாணவர்கள், வெள்ளை, ஆசிய வகுப்புத் தோழர்களையும் தாண்டி மதிப்பெண் வாங்கினார்கள். தானாக முன்வருபவர்கள் ஏற்கனவே ஆர்வம் அதிகமானவர்களாக இருப்பார்களே என்ற கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த முறை பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

இதே காலத்தில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவரும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1973-ல் அவர் தொடங்கிய ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ முறை, பலவீனமான மாணவர் யார் என்று தேடவே இல்லை. எந்தப் பாடத்தில் நிறைய பேர் தோற்கிறார்கள் என்று பார்த்தது. அந்தப் பாடத்தை நன்றாக முடித்த சீனியர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் உட்காருவார், பிறகு குழுவை நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் மாணவரும் வருவதால், வருவதில் கூச்சம் இல்லை.

ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. 1996-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ‘ப்ரோபசிஷன் 209’-ஐ நிறைவேற்றினார்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன அடிப்படையிலான முன்னுரிமைக்குத் தடை வந்தது. அதன் பிறகு பெர்க்லிக்குள் வரும் கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கையே கடுமையாகக் குறைந்தது. உள்ளே எவ்வளவு நல்ல பட்டறை நடந்தாலும், வாசல் சுருங்கினால் அது யாருக்கு?

சரி, நமக்கு இதுல என்ன இருக்கு? கம்பைன் ஸ்டடி நமக்குப் புதுசு இல்லையேன்னு கேட்கலாம். உண்மைதான். ஆனா நம்ம ஹாஸ்டல்ல யார் ரூம்ல யார் உட்கார்ந்து படிக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் மீடியம் பசங்க ஒரு பக்கம், தமிழ் மீடியம் ஒரு பக்கம். ஊர் பார்த்து, சில இடத்துல சாதி பார்த்தும் குழு சேருது. வீட்டிலேயே முதன்முதலா காலேஜ் வாசலை மிதிச்ச ஒருத்தர், எந்த ரூம் கதவையும் தட்டத் தயங்கித் தனியா உட்கார்ந்திருப்பார். குழு தானா அமையும்னு விட்டா, அவருக்கு அது அமையாமலே போகலாம். அதனாலதான் அதை அமைச்சுக் கொடுக்கிறது காலேஜோட வேலைன்னு சொல்றேன். லிஸ்ட் போடுறதைவிட, கஷ்டமான பேப்பருக்கு ஒரு ரூம், ஒரு சீனியர், எல்லாருக்கும் திறந்த கதவு. பெரிய செலவும் இல்லை.

உங்க காலேஜ்ல இந்த மாதிரி ஏதாவது நடக்குதா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.