எட்டுத் துரோகிகளும் ஒரு செம்மறியாடும்

மேலாளரைக் கேலி செய்யும் துணுக்கொன்று மின்னஞ்சலில் வந்து சேராத நாளே இல்லை என்றிருந்த காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அத்துணுக்குகளில் பெரும்பாலானவை சிரித்தவுடன் மறந்துபோகிறவை. மறக்காதவையும் சில உண்டு. சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று பின்னாளில் பெயர் பெற்ற நிலப்பகுதியின் முதல் 15 ஆண்டுகளில் பிறந்த கதைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சற்றே உரசிப் பார்த்தால் அடியில் ஒரு கணக்கு வழக்கு தென்படுகிறது. இன்னார் உழைத்தார், இன்னார் எடுத்துக்கொண்டார் என்ற வழக்கு. அந்த வழக்கைப் பின்தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை வில்லியம் ஷாக்லியிடமிருந்து தொடங்குகிறது. ட்ரான்சிஸ்டரைக் கண்டறிந்தமைக்காக 1956-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை பார்டீன், பிராட்டெய்ன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர். அதே ஆண்டில் ஆர்னால்ட் பெக்மனின் பண உதவியோடு கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், 391 சான் அன்டோனியோ சாலையில், ஓர் ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். சுற்றிலும் பாதாமிப் பழத் தோப்புகள். நாட்டின் மிகச் சிறந்த இளம் விஞ்ஞானிகளைத் தேடித்தேடி அமர்த்தினார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கிருந்த கூர்மையை எதிரிகளும் மறுத்ததில்லை. தேர்ந்தெடுத்தவர்களை வைத்து வாழத்தான் அவருக்குத் தெரியவில்லை.

எல்லாருடைய சம்பளத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஒருவர் கண்ட முடிவைச் சரிபார்க்க அவர் எதிரிலேயே தம் பழைய சகாக்களைத் தொலைபேசியில் அழைப்பார். இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் ஒரு நிகழ்ச்சி. கதவில் நீட்டிக்கொண்டிருந்த கூரான உலோகத் துண்டொன்று அலுவலக உதவியாளர் ஒருவரின் கையைக் கீறிவிட்டது. இது சதி என்றார் ஷாக்லி. ஊழியர்களைப் பொய்யறியும் கருவியின் முன் உட்கார வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஷெல்டன் ராபர்ட்ஸ் என்ற உலோகவியலாளர் அந்தத் துண்டை எடுத்துச் சென்று நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். காகிதத்தைச் சுவரில் குத்தி வைக்கும் சாதாரண ஊசி அது. தலைப்பகுதி உடைந்து விழுந்திருந்தது, அவ்வளவே. உலகின் மிக நுண்ணிய பொருள்களை உருவாக்க வந்த கூடத்தில், நுண்ணோக்கி செய்த முதல் பெருங்காரியம் இதுதானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

1957-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊழியர்கள் பெக்மனிடம் முறையிட்டார்கள். முதலில் செவிசாய்த்த அவர், நோபல் பரிசாளரை இறக்கி வைப்பது முறையல்ல என்று பிறகு பின்வாங்கினார். அவர்களில் எழுவர் ஒன்றுகூடி, தங்களைக் குழுவாகவே வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் நிறுவனம் ஏதேனும் கிடைக்குமா என்று விசாரித்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். யூஜீன் கிளெய்னரின் தந்தைக்குப் பழக்கமான நியூயார்க் பங்குத் தரகு நிறுவனத்துக்குச் சென்றது அக்கடிதம். அங்கிருந்து ஆர்தர் ராக் என்ற இளைஞரும் அவருடைய மேலதிகாரி ஒருவரும் விமானமேறி வந்து சேர்ந்தார்கள். 'வேலை எதற்குத் தேடுகிறீர்கள், நீங்களே ஒரு நிறுவனம் தொடங்கினால் என்ன?' என்பது ராக்கின் யோசனை. கடிதம் எழுதியவர்களின் மனத்தில் அப்படியொரு எண்ணமே இருந்ததில்லை. இன்று தொழில்முனைவு என்ற சொல்லுக்குச் சூட்டப்படும் மாலைகளையெல்லாம் பார்க்கும்போது, இந்த ஆதிக்கதையில் கேட்டது வேலை, வாய்த்தது நிறுவனம் என்பதை நினைத்துப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

எட்டாமவராக ராபர்ட் நாய்ஸ் வந்து சேர்ந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளிஃப்ட் ஓட்டலில் பத்துப் பேர் அமர்ந்தார்கள். ஒப்பந்தப் பத்திரம் தயாராகவில்லை. பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். நாமறிந்த ஒப்பந்தங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

அதன்பின் ராக் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியாகப் பிடிகொடுத்தவர் ஷெர்மன் ஃபேர்சைல்ட். விமானத்திலிருந்து படமெடுக்கும் கேமராக்களைச் செய்தவர். அவருடைய தந்தை ஐ.பி.எம். நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஏறத்தாழ 13.8 லட்சம் டாலர் தர முன்வந்தார். விரும்பும்போது 30 லட்சம் டாலருக்கு முழு நிறுவனத்தையும் வாங்கிக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்பது அவர் விதித்த நிபந்தனை. எட்டுப் பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். 1957 செப்டம்பர் 18 அன்று ஷாக்லியிடமிருந்து விலகினார்கள். 'துரோகிகள் எண்மர்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. ஷாக்லியே அப்படிச் சபித்தார் என்பது வழக்காறு. அவர் சொன்னாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொல்லியிருக்கக் கூடியவர்தாம்.

ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரின் முதல் பெரிய வாடிக்கையாளர் ஐ.பி.எம். ஒரு குண்டுவீச்சு விமானத்தின் கணிப்பொறிக்காக, ஒன்று 150 டாலர் வீதம் 100 ட்ரான்சிஸ்டர்களுக்கு உத்தரவு கொடுத்தது. பண்டம் செய்தாயிற்று, அனுப்பி வைக்கப் பெட்டி இல்லை. பாத்திரம் தேய்க்கும் 'பிரில்லோ' நார் அடைத்து வந்த பெட்டியொன்றை ஜே லாஸ்ட் மளிகைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். 15,000 டாலர் மதிப்புள்ள நுண்கருவிகள் அதில்தான் பயணம் போயின.

இந்த எட்டுப் பேருக்கும் நிர்வாகம் தெரியாது. அது தங்களுக்குத் தெரியாது என்று தெரிந்திருந்ததே அவர்களுடைய புத்திசாலித்தனம். எனவே எட் பால்ட்வின் என்பவரைப் பொது மேலாளராக வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 1959-இன் தொடக்கத்தில் அவர் ஒரு சிறு படையைத் திரட்டிக்கொண்டு போய் ரீம் செமிகண்டக்டர் என்று தனிக்கடை போட்டார். உற்பத்தி முறைகளை எழுதிவைத்த கையேடும் அவர்களோடு போய்விட்டது. துரோகிகள் நீதிமன்றப் படியேறி, தங்களுக்குத் துரோகம் இழைக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். ஷாக்லி இச்செய்தியை எப்படி வாசித்தார் என்பதற்குப் பதிவில்லாதது வரலாற்றுக்கு நட்டம்.

அக்காலத்தில் அவர்களை வாட்டிய இன்னொன்று தூசி. ட்ரான்சிஸ்டரை மூடும் சிறு உலோகக் குப்பிக்குள் ஒரு துகள் சிக்கிக்கொண்டால் போதும், என்றோ ஒருநாள் அது தவறான இடத்தில் உட்கார்ந்து மின்சுற்றைக் குலைத்துவிடும். ஏவுகணைக்குள் அப்படி நேர்ந்தால் என்னாகும்? சோதனை முறையோ மிக எளியது: பென்சிலால் குப்பியைத் தட்டிப் பார்ப்பது. தேங்காயைத் தட்டி வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் தட்டிக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது? ஜான் ஹார்னி என்ற சுவிஸ் நாட்டவர் 1957 டிசம்பரில் குறிப்பேட்டில் எழுதி மூடி வைத்த ஒரு யோசனையை 1959-இல் மீண்டும் எடுத்தார். சிலிக்கனின் மேல் படியும் ஆக்சைடு ஏட்டைக் கழுவிக் களைவதே அன்றைய வழக்கம். அதை அப்படியே விட்டுவைத்தால் அதுவே காப்புறையாகி, தூசி பட வேண்டிய இடத்தை மறைத்துவிடும் என்றார். இந்தச் சமதள முறையின் மேல்தான் அதே ஆண்டில் நாய்ஸ் ஒருங்கிணைந்த மின்சுற்றை எண்ணிப் பார்த்தார். இன்று நம் கையிலிருக்கும் கருவிகள் அனைத்தும் அந்த வழி வந்தவையே.

1959 அக்டோபரில் தாய் நிறுவனம் தன் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டது. 500 டாலர் போட்டவர்களுக்கு ஆளுக்கு இரண்டே கால் லட்சம் டாலருக்கும் மேல் பெறுமான பங்குகள் கிடைத்தன. கதை மங்களமாக முடிந்ததென்று தோன்றும். சிக்கல் அங்கேதான் முளைத்தது. உரிமையாளர்களாக இருந்தவர்கள் மறுநாள் ஊழியர்களானார்கள். மேற்குக் கரையில் ஈட்டிய இலாபம் கிழக்குக் கரையிலிருந்த கேமரா நிறுவனத்துக்குப் போனது. புதிதாக வந்த திறமைசாலிகளுக்குப் பங்குரிமை தர அங்கிருந்தவர்களுக்கு மனமில்லை. 1961-இல் எண்மரில் நால்வர் வெளியேறினார்கள்.

இனி நம் செம்மறியாட்டுக்காரர். பாப் விட்லர் 1963-இல் ஃபேர்சைல்டில் சேர்ந்தார். நேர்முகத்தின்போதே, இங்கே நீங்கள் அனலாக் சுற்றுகளில் செய்துகொண்டிருப்பதெல்லாம் குப்பை என்று சொல்லி வேலை வாங்கிய மனிதர். குடிப்பார். 1965-இல் அவர் வடிவமைத்து வெளிவந்த 709 என்ற மிகைப்பி கம்பெனிக்குக் காசைக் கொட்டியது. பழுதான உறுப்பைக் குப்பையில் போட அவருக்கு மனம் ஒப்பாது. பட்டறைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் பொடிப்பொடியாக்குவார். சகாக்கள் அச்செயலுக்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக்கினார்கள். அறையில் ஒரு கருவி வைத்திருந்தார்: எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் அது காதைக் குடையும் மெல்லிய கீச்சொலி எழுப்பும், குரல் தாழ்ந்தால் அடங்கிவிடும். பேசுகிறவர் காரணம் புரியாமலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார். கத்துகிற மேலதிகாரியிடம் வேலை பார்த்த எவருக்கும் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

அவர் ஃபேர்சைல்டை விட்டபோது, விலகுவதற்கான காரணங்களைக் கேட்டுப் பல பக்கப் படிவம் தந்தார்கள். 'நான் பணக்காரனாக வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். சிரிப்புக்குரிய துணுக்காகவே இது அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவருகிறது. நாம் இதை அப்படி வாசிக்கவில்லை. தன் கண்டுபிடிப்பில் தனக்குப் பங்கில்லாத ஒருவர் தந்த, முழுக்க முழுக்க உண்மையான பதில் அது. படிவத்தின் மற்றக் கேள்விகள் யாவும் சுற்றிவளைப்பு.

நேஷனல் செமிகண்டக்டரில் அவருக்குப் பங்குரிமை கிடைத்தது. அங்கே புல்வெளியைப் பராமரிக்கும் செலவைச் சிக்கனம் கருதிக் குறைத்தபோது, தம் திறந்த பென்ஸ் காரில் ஒரு செம்மறியாட்டை ஏற்றிக்கொண்டுவந்து அலுவலகப் புல்வெளியில் மேயவிட்டார். (வெள்ளாடு என்று சொல்வோரும் உண்டு, அருகிருந்து அறிந்தவர்கள் செம்மறி என்கிறார்கள். இத்தகைய விஷயங்களில் துல்லியம் முக்கியம்.) 1970-இன் முடிவில், 33-ஐ ஒட்டிய வயதிலேயே, பங்குகளை ஏறத்தாழ 10 லட்சம் டாலராக மாற்றிக்கொண்டு ஓய்வு பெற்று மெக்சிகோவின் கடற்கரையில் குடியேறினார். படிவத்தில் எழுதியதைச் சாதித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1991-இல் அங்கேயே, ஓடிக்கொண்டிருந்தபோது இறந்தார்.

இதற்கிடையில் 1968-இல் நாய்ஸும் கார்டன் மூரும் வெளியேறினார்கள். புதிய நிறுவனத்துக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைக்கலாமென்றால், ஆங்கிலச் செவிக்கு அது 'அதிக இரைச்சல்' என்று ஒலித்தது. மின்னணுவியலில் இரைச்சல் என்பது கொடிய பகை. (தமிழ்ச் செவிக்கு மோர் ஞாபகம் வந்திருக்கும், குறைந்தபட்சம் குளிர்ச்சியாவது மிஞ்சியிருக்கும்.) சிறிது காலம் வெறும் முதலெழுத்துகளோடு இருந்துவிட்டு, இன்டெல் என்றானது. அதிலும் ஒரு வில்லங்கம்: இன்டெல்கோ என்ற விடுதி நிறுவனம் முந்திக்கொண்டிருந்தது. 15,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார்கள். முதல் நூறு ட்ரான்சிஸ்டர்களுக்கு ஐ.பி.எம். கொடுத்த அதே தொகை என்பது தற்செயல்தான். என்றாலும் நமக்குப் பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்ன கதைகளில் பேசுகிறவர்கள் எல்லாரும் பொறியாளர்கள், எல்லாரும் ஆண்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டிய பெண்கள் சொன்ன துணுக்கு ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. ஃபேர்சைல்ட் 1963-இல் ஹாங்காங்கில் தொழிற்சாலை திறந்தது. அங்கே கூலி அமெரிக்கக் கூலியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 1965-இல் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில் நவஹோ பழங்குடியினர் நிலத்தில் இன்னொன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ மக்கள், பெரும்பாலும் பெண்கள், அங்கே வேலை செய்தார்கள். அவர்கள் நெய்யும் கம்பளத்தின் கோலமும் சில்லின் கோலமும் ஒன்றுபோலிருப்பதை நிறுவனத்தின் விளம்பர ஏடு வியந்து காட்டியது. 1975 பிப்ரவரியில் 140 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்றி ஒரு வாரம் போல வைத்திருந்தார்கள். அவர்கள் விலகிய பிறகு நிறுவனம் ஆலையை மீண்டும் திறக்கவேயில்லை. 'நான் பணக்காரியாக வேண்டும்' என்று எழுதிக் கொடுக்க அவர்களுக்கு யாரும் படிவம் தரவில்லை.

பள்ளத்தாக்கிலும் ஒரு கணக்கு பாக்கியிருந்தது. சில்லுகளைக் கழுவப் பயன்பட்ட கரைப்பான்கள் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. சான் ஹோசேயின் தென்பகுதியில் ஃபேர்சைல்டின் நிலத்தடித் தொட்டியொன்று கசிந்து குடிநீர்க் கிணறு கெட்டுப்போனது 1981-இன் இறுதியில் தெரியவந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு முன்னுரிமைப் பட்டியலில் வைத்துத் துப்புரவு செய்விக்கும் நச்சு நிலங்கள், சான்டா கிளாரா மாவட்டத்தில் மட்டும் 20-க்கும் மேல். பூமிக்குள் குழாய் இறக்கி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை பல்லாண்டுகளாகத் தொடர்கிறது.

ஷாக்லியின் கூடம் ஒருநாளும் இலாபம் காணவில்லை. பெக்மன் அதை 1960-இல் விற்றுவிட்டார். ஷாக்லி ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானார். இறுதி ஆண்டுகளை இனங்களின் அறிவுத் தரம் பற்றிய இழிவான வாதங்களில் கழித்து 1989-இல் மறைந்தார். 391 சான் அன்டோனியோ சாலைக் கட்டடம் பின்னர் காய்கறி, பழக்கடையாக இருந்தது. பழத்தோப்புகளை விரட்டிய இடத்துக்குப் பழங்கள் கூடை கூடையாகத் திரும்பி வந்து சில காலம் விலைபோயின. பிறகு அதையும் இடித்துவிட்டார்கள். 2018-இல் அங்கே நடைபாதையில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ட்ரான்சிஸ்டர், டயோடு உருவங்களை நிறுவினார்கள். உடைந்த ஊசிக்குச் சிலை இல்லை.