அணைந்த உலைகள் உரைப்பவை

கோயிலையும் கோட்டையையும் போற்றிக் காப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மக்கள் வியர்வை சிந்தி உழைத்த ஆலைகளையும் அவ்வாறே காக்க வேண்டும் என்னும் எண்ணம் மிகவும் பிற்பட்டது. அவ்வெண்ணத்திற்குச் சிறந்த சான்றாக நிற்பது, ஜெர்மனியில் சார் ஆற்றங்கரையிலுள்ள ஃபோல்க்லிங்கன் இரும்பாலை.

1873ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்வாலை சில ஆண்டுகளிலேயே நலிவுற்று மூடப்பட்டது. 1881இல் கார்ல் ரோக்லிங் என்னும் தொழிலதிபர் அதனை வாங்கி, 1883இல் முதல் ஊதுலையை மூட்டினார். நாளடைவில் ஆறு ஊதுலைகள் வரிசையாக எழுந்தன. உள்ளூர் நிலக்கரியும், அண்டையிலுள்ள லொரேன் பகுதியின் இரும்புத்தாதுவும் அவற்றுக்கு இரையாயின. நூறாண்டுக்கு மேல் கனன்ற அந்த உலைகள் 1986இல் அணைந்தன. 1994இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இன்று அங்குச் செல்வோர் மூலப்பொருள்கள் சென்ற வழியைப் பின்பற்றிப் பார்த்துவரலாம். தொங்கு தண்டவாளத்தில் ஓடிய தொட்டிகள் தாதுவையும் கற்கரியையும் சுமந்து, சாய்வுப் பாதை வழியாக உலைவாய் மேடைக்கு ஏறின. வெப்பமும் நச்சுவாயுவும் சூழ்ந்த அம்மேடையில் நின்று தொழிலாளர் அவற்றை உலைக்குள் கவிழ்த்தனர். கீழிருந்து வெங்காற்று ஊதப்பட, எரியும் கற்கரி தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தது. சுண்ணாம்புக்கல் அழுக்கைக் கசடாக்கியது. உருகிய இரும்பு அடியில் தேங்கியது. உலைவாயில் வெளிப்பட்ட வாயுவையும் அவர்கள் வீணாக்கவில்லை. அதனைத் தூய்மைப்படுத்தி எரித்து, காற்றூதும் மாபெரும் பொறிகளை அதன் ஆற்றலாலேயே இயக்கினர். உலைவிட்ட மூச்சே உலைக்கு உயிரூட்டிய இவ்வேற்பாடு வியத்தற்குரியது.

ஆயினும், வியப்போடு திரும்பிவிட்டால் வரலாற்றின் ஒரு பாதியையே கண்டவராவோம். இரு உலகப் போர்களின்போதும் இவ்வாலையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். கார்லின் மகன் ஹெர்மன் ரோக்லிங், ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மன் இரும்புத் தொழிலின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். போருக்குப்பின் பிரெஞ்சு இராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. எனினும் 1956இல் அந்நகரின் ஒரு பகுதிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நெடிய விவாதத்திற்குப் பிறகு, 2013இல்தான் ஹெர்மன் என்னும் முற்பெயர் அதிலிருந்து நீக்கப்பட்டது. குடும்பப் பெயர் நின்றது.

கட்டாய உழைப்பாளரின் நினைவுக்கு ஆலையினுள்ளேயே ஓர் இடம் அமைந்தது 2018இல்தான். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி அதனை வடிவமைத்தார். அடுக்கிய தகரப் பெட்டிகளும் குவிந்து கிடக்கும் கருநிற உடைகளும் அங்கே காட்சியளிக்கின்றன. உழைத்தவர்களின் பெயர்கள் மெல்லிய குரலில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.

முதலாளியின் பெயருக்கு ஊரில் இடம் கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கும் பின்னரே, தொழிலாளரின் பெயர்களுக்கு ஆலையில் இடம் கிடைத்தது. இரும்பைத் துருப்பிடிக்காமல் காப்பதற்குப் பொறியியல் போதும். அதனை உருக்கியவர்களை மறவாமல் காப்பதற்கு ஒரு சமுதாயத்தின் மனச்சான்று விழித்திருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதுதான் பழைய ஆலையொன்று மரபுச் சின்னம் என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது.